கணக்கில் மூன்று தடவை தவறியவன் செய்த கார்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பசறைக்கோ பதுளைக்கோ பஸ்ஸில் போகும்போது ஆறுதலாக வாசியுங்கள். தாய் தகப்பன்மார் கட்டாயம் வாசியுங்கள்.

மடுல்சீமை பஸாரைத் தாண்டிக் கீழே இறங்கும் வழியில் என் மாமாவின் தகரக் கொட்டில் இருக்கிறது. உம்மாவின் தம்பி. நாற்பது வருடமாக வாகனம் திருத்துபவர். அந்தக் கொட்டிலில் நாலு வருடமாக ஒரு பழைய கார் படங்கு போர்த்திக் கிடந்தது. 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். மாமா அதை வாங்கிக்கொண்டு வந்த நாளில் நானும் பார்த்தேன். தரைத் தகட்டில் துருவே தவிர வேறொன்றும் இல்லை. பின் சீட்டில் கோழி அடைகாத்த தடயம். "இது எரும்புக் கடைக்குப் போற சாமான் மாமா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காரை அவரோடு சேர்ந்து எழுப்பியது ஒரு பொடியன். பெயர் சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறார். என் வகுப்பில் இருந்தவன். நான் அவனுக்கு வரலாறு படிப்பித்தேன், வகுப்பாசிரியரும் நான்தான். சாதாரண தரப் பரீட்சை மூன்று தடவை எழுதினான். மூன்று தடவையும் கணிதத்தில் டபிள்யூ. இரண்டாவது பெறுபேறு வந்த நாளில் நான் அவனிடம் சொன்ன வசனம் எனக்கு நல்ல ஞாபகம்: "கணக்கு இல்லாம நீ எங்கயும் போக ஏலாதுடா." அதுவும் நாலு பேர் முன்னால். அன்றைக்கு அது அறிவுரை என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் அவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கொழும்புப் பக்கம் ஒரு வாகன நிறுவனத்தில் வேலை. அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். காரில் இன்னும் வயரிங் பாதி மிச்சம், பிரேக் சரிபார்க்க வேண்டும், சீட் தைக்க வேண்டும். கொட்டிலில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து கேட்டான்.

"சேர், வேலைக்குப் போகவா, காரை முடிச்சிட்டுப் போகவா?"

மாமா சீலைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் உடனே "வேலைக்குப் போ, கார் எங்கயும் போகாது" என்றுவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம், அவன் கை வைத்திருக்கும் அந்தக் காரை முதலில் வரைந்த மனிதரின் கதை எனக்குத் தெரியும். அந்த மனிதரும் கணிதத்தில் மூன்று தடவை தவறியவர். அவரும் கையால் ஒரு காரைச் செய்துகொண்டிருக்கும்போதே வேலைக்குப் போனவர். இந்தக் கதையை அவனுக்கு வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அவர் பெயர் எலெக் இசிகோனிஸ். 1906ஆம் ஆண்டு ஸ்மேர்னா என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம்தான் அது. அன்று உஸ்மானிய சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்தது. தகப்பன் வழி கிரேக்கர், தாய் வழி ஜேர்மனியர். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. கப்பல்களுக்கான இயந்திர வேலைகள் அங்கே நடந்தன. பிள்ளை அந்த இரும்புச் சத்தத்தில் வளர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இவருடைய பாட்டனார் ஸ்மேர்னாவிலிருந்து அய்தின் ஊருக்கு ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதையில் வேலை செய்தவர். அந்த வேலையின் வழியாக அவருக்கு பிரித்தானியப் பிரஜாவுரிமை கிடைத்தது. அது பிள்ளைகளுக்கும் வந்தது. கிரேக்க வம்சம், துருக்கி மண், ஆனால் கையில் பிரித்தானியக் கடதாசி.

1922 செப்டெம்பரில் துருக்கியப் படைகள் நகரத்தைத் திரும்பப் பிடித்தன. நகரத்தின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் துறைமுக ஓரத்தில் கப்பலுக்காகத் தவித்து நின்றார்கள். இசிகோனிஸ் குடும்பத்தை பிரித்தானியக் கப்பல் ஏற்றிக்கொண்டு மால்டா தீவுக்குப் போனது, அவர்களிடம் அந்தக் கடதாசி இருந்ததால். பட்டறை போனது, வீடு போனது. அதன் பிறகு தகப்பனும் காலமானார். 1923இல் தாயும் மகனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஊர் கலைந்த நேரத்தில் அவருக்கு வயது 15. நம்முடைய பத்தாம் வகுப்புப் பிள்ளையின் வயது.

லண்டனில் பெற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். வரைதல் அற்புதமாக வந்தது. கணிதம் வரவில்லை. மூன்று தடவை எழுதினார், மூன்று தடவையும் சித்தியில்லை. பிற்காலத்தில் புகழ் வந்த பிறகும் கணிதத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர் இல்லை.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஒரு ஒஸ்டின் செவன் காரை வாங்கிப் பிரித்துத் திருத்திப் பந்தயங்களில் ஓட்டினார். அதற்குப் பிறகு, ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பரோடு சேர்ந்து முழுக்க முழுக்கத் தாங்களே ஒரு பந்தயக் காரைச் செய்ய இறங்கினார். அதற்கு 'லைட்வெயிட் ஸ்பெஷல்' என்று பெயர். மின்சார ஆயுதம் எதுவும் இல்லை. அரம், வாள், கைத்துளைப்பான் இவ்வளவுதான். ஒட்டுப்பலகைக்கு மேல் அலுமினியத் தகடு ஒட்டி உடம்பைச் செய்தார்கள். தனியாக சேஸி இல்லாமல் அந்த உடம்பே பாரத்தைத் தாங்கியது. சக்கரங்களுக்கு இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக இறப்பர் போட்டார்கள்.

இப்போது நம் பொடியனின் கேள்விக்கு வருகிறேன். 1934ஆம் ஆண்டு இசிகோனிஸுக்கு கொவென்ட்ரியில் ஹம்பர் கார் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. 1936இல் ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கவ்லியில் இருந்த மொரிஸ் நிறுவனத்தில் அதைவிட நல்ல வேலை கிடைத்தது. அந்த நேரமெல்லாம் லைட்வெயிட் ஸ்பெஷல் பாதியில்தான் நின்றது. அவர் வேலையையும் விடவில்லை, காரையும் விடவில்லை. பகலில் நிறுவனத்தின் வரைபலகை. மாலையிலும் வார இறுதியிலும் நண்பரோடு கொட்டில். 1938 அளவில்தான் அது முழுமையாக ஓடத் தொடங்கியது. வருடக் கணக்கு ஆனது. ஆனால் ஆனது.

அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நிறுவனத்தில் அவருக்குக் கொடுத்த பொறுப்பே சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை உருவாக்குவதுதான். பகலில் தாளில் வரைவதை மாலையில் தன் கையால் செய்து பார்க்கிறார். கையில் பிடிபட்டது மறுநாள் தாளில் ஏறுகிறது. இரண்டு பள்ளிக்கூடம் மாறி மாறிப் போன மாதிரி. பல வருடத்துக்குப் பிறகு, சுயஸ் நெருக்கடியால் பெற்றோல் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவர் மினி காரை உருவாக்கினார். 1959இல் வந்த அந்த மினியின் சக்கரங்களைத் தாங்கியதும் இறப்பர்தான். அதை வடிவமைத்தவர் எலெக்ஸ் மோல்டன் என்ற வேறொரு பொறியியலாளர். ஆனால் இறப்பர் காரைத் தாங்கும் என்பது இசிகோனிஸின் கைக்கு அந்தக் கொட்டிலிலேயே தெரிந்துவிட்ட விஷயம்.

மினிக்கு முன் பிறந்தது நம்முடைய மொரிஸ் மைனர். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1940களின் ஆரம்பத்தில், மொரிஸ் நிறுவனத்தில் ஒரு சிறிய குழு அதை வரையத் தொடங்கியது. அப்போது அதற்குச் செல்லப்பெயர் 'மொஸ்கிற்றோ', அதாவது நுளம்பு. இசிகோனிஸ் சிகரெட் பெட்டியிலும் கிடைத்த தாளிலும் படமாகக் கீறித் தள்ளுவார். ஜாக் டானியல்ஸ் போன்ற கூட்டாளிகள் அதை அளவும் கணக்கும் உள்ள வரைபடமாக மாற்றுவார்கள்.

மாணவர்களே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். "சேரே சொல்லிட்டார், கணக்கு தேவையில்லை" என்று கிளம்பிவிட வேண்டாம். கணக்கு தேவைப்பட்டது. அதைச் செய்ய ஆள் இருந்தார்கள். தனக்கு எது வராது என்று தெரிந்து, அது வரக்கூடியவனோடு சேர்ந்து நின்றதும் அவருடைய கெட்டித்தனத்தில் ஒரு பகுதி.

கார் உற்பத்திக்குத் தயாரான நேரத்தில் அவருக்கு ஒரு சந்தேகம். கார் ஒடுங்கலாக இருக்கிறது என்று பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி 4 அங்குலம். பொனெட்டின் நடுவில் மேலெழும்பி நிற்கும் பட்டையான ஒரு கோடு மொரிஸ் மைனர்களில் உண்டு. அந்த 4 அங்குலத்தின் அடையாளம் அதுதான். அதற்குள் பம்பர்கள் பழைய அளவில் செய்து முடிந்துவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். அடுத்த முறை ஒரு மொரிஸ் மைனரைக் கண்டால் பொனெட்டைப் பாருங்கள்.

1948 ஒக்டோபர் 27ஆம் திகதி லண்டனில் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சி திறந்தபோது அந்தக் கார் உலகத்துக்குக் காட்டப்பட்டது. பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுவே. 1970களின் ஆரம்பத்தில் உற்பத்தி நிற்கும்போது 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

வரலாறு படிப்பிப்பவனுக்கு ஒரு திகதி கிடைத்தால் அதன் அடுத்த வரியையும் பார்க்கும் பழக்கம் உண்டு. 1948 ஒக்டோபர் 27க்கு அடுத்து என்ன? 1948 நவம்பர் 15. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். இடையில் மூன்று கிழமைகூட இல்லை.

ஸ்மேர்னாவில் ரயில் பாதையில் வேலை செய்தவரின் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்தக் கடதாசி பேரனைத் தீயிலிருந்து காப்பாற்றியது, கல்லூரியில் சேர்த்தது, வேலை கொடுத்தது. இங்கே மலையை வெட்டி, தேயிலை நட்டு, 1924இல் பதுளைக்கு ரயில் வந்து சேரும்வரை பாதை போட்ட கைகளின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலைமுறைகளுக்குக் கடதாசி இல்லை. கடதாசி இல்லாதவனுக்கு அரச வேலை இல்லை. எத்தனை இசிகோனிஸ் நம் லயங்களில் பிறந்து, தோட்டத்து லொறிக்கு ஸ்பேனர் பிடித்துக்கொண்டே முடிந்து போனார்களோ, அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. நாடு கொடுக்காத கடதாசியின் கதையை வகுப்பில் உணர்ச்சியோடு படிப்பிக்கிற நான், என் முன்னால் இருந்த ஒருவனை இன்னொரு கடதாசியை வைத்து அளந்துவிட்டேன்.

சரி, அந்தக் கார் நம் நாட்டில் இவ்வளவு காலம் எப்படித் தப்பியது? 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கினார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை புதுக் கார் என்பது கனவு. இருந்ததையே ஓட்ட வேண்டும். உதிரிப்பாகம் இல்லையா, பாஸ்மார் கடைச்சலில் கடைந்து செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடு ஒரு தலைமுறை வைத்தியர்களை உருவாக்கியது, வாகன வைத்தியர்களை. என் மாமா அந்தக் கைகளிடம் தொழில் படித்தவர். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் திருத்துவதற்கென்றே நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், பிற்காலத்தில் அந்தக் காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்தார். கார் பிறந்த நாட்டுக்கு நம் கை வேலை போயிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி திரும்பவும் நின்றது. 2022 நெருக்கடியையும் தாண்டி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில்தான் நம் பொடியன் தொழில் பழகினான்.

ஒரு நாள் கொட்டிலில் அவன் என்ஜினின் வால்வு இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கையில் மெல்லிய தகடுகள் அடுக்கிய பீலர் கேஜ். "எவ்வளவு வைக்கணும்?" என்று கேட்டேன். "பன்னிரண்டு சேர்" என்றான். பன்னிரண்டு என்ன? அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. 0.012. தசமத்தில் தோற்றவன் என்று நான் எழுதி வைத்த பிள்ளை, தலைமயிரை விடச் சில மடங்கு மட்டுமே தடிப்பான ஓர் இடைவெளியை விரல் நுனியால் உணர்ந்து சொல்கிறான். பற்றரியில் நான் வழக்கம்போல எதிர் முனையை உடம்போடு இணைக்கப் போனபோது கையைப் பிடித்துவிட்டான். "இது பழைய கார் சேர். இதுக்கு நேர் முனைதான் பொடியில." கணிதம் அவனுக்குள் இருந்திருக்கிறது. அது வெளியே வருவதற்கு ஒரு பொருள் தேவைப்பட்டிருக்கிறது. நாங்கள் கரும்பலகையை மட்டும் கொடுத்தோம்.

தாய் தகப்பன்மாருக்கு இரண்டு தகவல்.

ஒன்று: சாதாரண தரத்தில் சித்தி இல்லையென்றால் பாடசாலைக் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழிற்பாடங்களோடு உயர்தர வகுப்பைத் தொடரலாம். எந்தப் பாடசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள்.

இரண்டு: கராஜில், மேசன் வேலையில், தையலில் வருடக் கணக்காக வேலை பழகியவர்களுக்கு அந்த அனுபவத்தைப் பரீட்சித்தே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். என்.வி.கியூ. என்று சொல்வது அதைத்தான். மொத்தம் 7 மட்டங்கள். முன்பு பழகிய வேலையைக் காட்டி 4ஆம் மட்டம் வரை எடுக்கலாம். அதற்கு மேல் டிப்ளோமா, பட்டம் வரைக்கும் ஏணி இருக்கிறது. நம் பொடியனுக்கு அந்த அழைப்பு வந்ததே இந்தச் சான்றிதழால்தான். செய்முறைப் பரீட்சைக்குப் போகும்போது அவன் கொண்டு போனது, இந்தக் காரை முதல் நாளிலிருந்து எடுத்த படங்கள். எரும்புக் கடைக்குப் போகும் சாமான் என்று நான் சொன்னது அவனுக்குப் பெறுபேற்றுத் தாளாக வேலை செய்திருக்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. பெறுபேறு கொடுக்கும் நாளில் வாயைக் கவனமாகத் திறப்போம். நான் சொன்ன வசனத்தைப் பற்றி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் அதை மறந்துட்டேன் சேர்" என்றான். மறக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அவனுடைய கேள்விக்கு மறுநாள் போய் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். "திங்கட்கிழமை வேலைக்குப் போ. காரையும் விடாதே. லீவு கிடைக்கிறபோது வந்து கொஞ்சம் கொஞ்சமாச் செய். ஒருத்தர் இப்படித்தான் செய்தார்" என்று இசிகோனிஸின் கதையைச் சொன்னேன். மாமா அப்போதுதான் வாய் திறந்தார். "நான் வேற யாரையும் இதுல கை வைக்க விடமாட்டேன். மெதுவா வா."

ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ்ஸில் போனான். அம்மா பதுளை வரை வந்து ஏற்றிவிட்டார். முதல் போயா விடுமுறைக்கு வந்தவன் வீட்டுக்குப் போகும் முன் கொட்டிலுக்கு வந்தான். அன்று பின்னேரம் வயரிங் முடிந்தது. என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை பிடித்தது. அந்தக் காலத்து மைனரில் திரும்பும் சமிக்ஞைக்கு மின்னும் விளக்கு இல்லை. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து ஒரு சிறிய கை வெளியே எழும்பும். சுவிட்சைத் திருப்பினான். இடது பக்கத்துக் கை எழும்பி நின்றது. உள்ளே ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம். பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள்.

வலது பக்கத்துக் கை இன்னும் எழும்பவில்லை. அடுத்த போயாவுக்கு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

இன்ஷா அல்லாஹ், கார் பஸாருக்கு ஏறும் நாளை இங்கே அறிவிப்பேன். உங்கள் வீட்டிலும் கணக்கில் டபிள்யூ எடுத்த பிள்ளை இருந்தால் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.